நகர்ந்தது மண்ணா, கருவியா?

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கும் உறவினர்களிடம் நான் பல பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 'ஜியோடெக்னிக்கல் எஞ்சினியர்' என்றால் தலையை ஆட்டிவிட்டு நேராகச் சம்பளத்துக்கு வந்துவிடுவார்கள். இப்போதெல்லாம் ஒரே பதில்தான். "மண்ணு நகருதான்னு பார்க்கிற வேலை." அதற்குப் பிறகு சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. மண் நகருமா? எவ்வளவு நகரும்? எங்க தாமான் பக்கம் நகருதா?

நகரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதை நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். அது நான் பிறப்பதற்கு முன்பு. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள். 2008 டிசம்பர் 6 அதிகாலையில் புக்கிட் அந்தாராபங்சா. சற்று வடக்கே, 2022 டிசம்பர் 16இல் பத்தாங் காலி முகாம் நிலச்சரிவு, 31 உயிர்கள். 2024 ஆகஸ்ட் 23இல், நாம் துணியெடுக்கப் போகும் அதே மஸ்ஜித் இந்தியா சாலையில், இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணியின் காலடியில் நடைபாதை உள்வாங்கியது. அவர் கடைசிவரை கிடைக்கவில்லை.

இந்த நான்கும் ஒரே வகை நகர்வுகள் அல்ல. சில, முன்னறிவிப்போடு வருபவை. சில அப்படியல்ல. மெல்ல ஆரம்பித்து, வாரக்கணக்கில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்து, பிறகு ஒருநாள் வேகமெடுக்கும் வகையைத்தான் எங்களால் பின்தொடர முடியும். அதற்கு ஒரு கருவி இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கருவியைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கருவியைப் பாதியில் மாற்றினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. இலக்கியம் வாசிக்க வந்த இடத்தில் இது எதற்கு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது, தொடர்ச்சியாக ஒன்றைக் கவனித்துவருவது என்றால் என்ன என்கிற கேள்வியும்தான்.

கருவியின் பெயர் இன்கிளினோமீட்டர். சாய்வுமானி என்று சொல்லலாம். முதலில் தரையில் ஆழமாக ஒரு துளை போடுகிறோம். அதற்குள் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இறக்கி, சுற்றிலும் சிமெண்டுக் கலவை ஊற்றி மண்ணோடு மண்ணாகப் பிணைத்துவிடுகிறோம். இனி மண் வளைந்தால் குழாயும் வளையும். குழாயின் உட்சுவரில் மேலிருந்து கீழ்வரை நான்கு காடிகள் ஓடும். ஒரு ஜோடி, தோண்டுகிற பள்ளத்தை நோக்கி. இன்னொரு ஜோடி, அதற்குக் குறுக்கே. இந்தக் காடிகளில் சக்கரம் உருள, ஒரு எஃகுத் தண்டு கேபிளில் கட்டி இறக்கப்படும். அதைத்தான் சைட்டில் 'ப்ரோப்' என்போம். மேல் சக்கரத்துக்கும் கீழ்ச் சக்கரத்துக்கும் இடையே 500 மில்லிமீட்டர்.

இந்தத் தண்டுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். அடியில் கொண்டுபோய் வைத்து, உள்ளே இருக்கும் சூட்டுக்கு அது பழகும்வரை பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி மேலே இழுக்கிறோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சாய்வு. அந்தச் சாய்வை 500 மில்லிமீட்டரோடு பெருக்கினால், அந்த அரை மீட்டரில் குழாய் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்று வரும். அடியிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தால் குழாயின் முழு வடிவமும் கிடைத்துவிடும்.

பிறகு தண்டை 180 டிகிரி திருப்பி மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு சென்சாருக்கும் சொந்தமாக ஒரு கோணல் இருக்கும். நேராக நிறுத்தினாலும் பூஜ்ஜியம் காட்டாது. திருப்பி வைத்து எடுக்கும்போது சாய்வின் குறி மாறும், அந்தக் கோணல் மாறாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கோணல் அடிபட்டுப் போகும். இரண்டையும் கூட்டினால் கோணல் மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டுத்தொகை மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்தால் இன்று எடுத்த அளவு நம்பத்தக்கது. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. எங்கள் குழுவின் மூத்த டெக்னிஷன், எல்லோருக்கும் அவர் 'அண்ணே'தான், இதை இப்படிச் சொல்வார்: "ஒரு ஆளுகிட்ட ஒரு கதைய ரெண்டு பக்கத்திலேருந்தும் கேட்டுப் பாரு. எங்க அடிச்சு விடுறான்னு தானா தெரிஞ்சிரும்."

இன்றைய வடிவம் மட்டும் தெரிந்தால் பயனில்லை. எந்தத் துளையும் செங்குத்தாக இறங்குவதில்லை. ஒன்று, இரண்டு டிகிரி சாய்வு சகஜம். 36 மீட்டர் குழாய் 2 டிகிரி சாய்ந்திருந்தால் அதன் தலை அடியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். அது நகர்வு அல்ல, பிறவிக் கோணல். அதனால் முதல் நாள் எடுத்த அளவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் எடுப்பதிலிருந்து அதைக் கழிக்கிறோம். மிச்சம் வருவதுதான் நகர்வு. ஒரு மீட்டருக்கு மேற்பட்ட விலகலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேற்பட்ட விலகலைக் கழித்து, மூன்று நான்கு மில்லிமீட்டரைத் தேடுகிறோம்.

சிக்கல் இங்கேதான். கழித்தல் சரியாக வரவேண்டுமென்றால் இரண்டு நாளும் ஒரே கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ப்ரோப்பிலும் சென்சார் சக்கரங்களோடு ஒரே திசையில் பொருந்தியிருக்க வேண்டும். தயாரிப்பவர்கள் மிக நெருக்கமாகப் பொருத்துவார்கள். ஆனாலும் ஒரு துளி திருகல் இருக்கும். ஒரே ப்ரோப்பைப் பயன்படுத்தும்வரை அதனால் கெடுதலில்லை. முதல் நாளும் அதே திருகல், இன்றும் அதே திருகல், கழித்தலில் போய்விடும். ப்ரோப்பை மாற்றினால் போகாது. குழாய் பள்ளத்துக்குக் குறுக்கான திசையில், அதாவது தெரு போகும் திசையில், 2 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். பழைய ப்ரோப்புக்கும் புதிய ப்ரோப்புக்கும் திருகலில் அரை டிகிரி வித்தியாசம். தெருவாக்கிலான அந்தச் சாய்வில் ஒரு துணுக்கைப் புதிய ப்ரோப் பள்ளத்தை நோக்கிய சாய்வாகப் படித்துவிடும். அரை மீட்டருக்கு 0.15 மில்லிமீட்டர். ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 36 மீட்டர் குழாயில் 72 நிறுத்தங்கள். 0.15 மில்லிமீட்டர் 72 முறை ஒரே பக்கமாகச் சேர்ந்தால், தலையில் 11 மில்லிமீட்டர். மண் அசையவே இல்லை. தாளில் மட்டும் 11 மில்லிமீட்டர்.

இந்தத் துறையில் பிழைகளை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். கூடியும் குறைந்தும் வரும் தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்ளும். ஒரே பக்கமாகச் சாயும் பிழைகள் கூடிக்கொண்டே போகும். எரிக் மிக்கெல்சன் 2003இல் எழுதிய கட்டுரையில் உள்ள கணக்குப்படி, 30 மீட்டர் குழாயில் தற்செயல் பிழை 1.24 மில்லிமீட்டர்தான். ஒரே பக்கமாகச் சாய்பவற்றையும் சேர்த்தால் 7.8. ஒரு நல்ல கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே இவ்வளவு.

இதில் கிள்ளானுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கோலாலம்பூர் நகரத்தின் அடியில் சுண்ணாம்புக்கல்லும், கென்னி ஹில் என்று பெயர் வைத்திருக்கும் மணற்கல்லும் களிக்கல்லும் இருக்கின்றன. கிள்ளானில் கடல் விட்டுச்சென்ற மென்களிமண். பல இடங்களில் 25, 30 மீட்டர் ஆழம்வரை அதுதான். குழாயின் அடி அசையாமல் இருந்தால்தான் எங்கள் கூட்டல் செல்லுபடியாகும். ஆகவே மென்களிமண்ணைக் கடந்து கெட்டியான மண்வரை துளையை இறக்கியாக வேண்டும். மண் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நீளமான குழாய். எவ்வளவு நீளமான குழாயோ அவ்வளவு அதிகமாகக் கருவியின் பிழை கூடும். எங்கே கவனம் அதிகம் தேவையோ அங்கேதான் கருவிகளும் அதிகம் தடுமாறுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு சைட்டில் வேலை பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறை. காலையில் கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் ரயிலைப் பிடித்தால் கிள்ளான். அங்கே ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பழைய வரிசை வீடுகள். பள்ளத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே எங்கள் குழாய்கள். 36 மீட்டர் ஒவ்வொன்றும். இரண்டாம் எண் குழாய் வீடுகளுக்கு மிக அருகில். ஐந்தாம் எண், பள்ளத்தின் பாதிப்பு எட்டாத தூரத்தில், சைட் ஆபிசுக்குப் பின்னால். அசையாத இடத்தில் எதற்கு ஒரு குழாய், வீண் செலவு என்று ஆரம்பத்தில் ஒரு பேச்சு எழுந்தது. அண்ணே விடவில்லை.

நகர்வுக்கு மூன்று எல்லைகள் வைத்திருந்தார்கள். 20 மில்லிமீட்டரில் உஷார். 30இல் நடவடிக்கை. 40இல் வேலை நிறுத்தம். ஒரு வாரம் இரண்டாம் எண் குழாயின் தலையில் 17 மில்லிமீட்டர். எட்டு நாள் கழித்து எடுத்தபோது 31.

எட்டு நாளில் 14 மில்லிமீட்டர். அதற்கு முன் வாரத்துக்கு ஒன்றைத் தாண்டியதில்லை.

அந்த எட்டு நாளில் மூன்று விஷயங்கள் நடந்திருந்தன. பள்ளம் ஒன்றரை மீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தது. நல்ல மழை. மூன்றாவது, பழைய ப்ரோப்பைக் கலிபரேஷனுக்கு அனுப்பிவிட்டு இரவலாக வேறொரு ப்ரோப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். அனுப்புவதற்கு முன் இரண்டையும் ஒரே நாளில் ஒரே குழாயில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. பழையது போன பிறகுதான் புதியது வந்து சேர்ந்தது. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

மறுநாள் மீட்டிங். மேசையின் ஒரு பக்கம், "கருவி மாறுனதாலதான் இந்த நம்பர். மண்ணு ஒன்னும் ஆகல." இன்னொரு பக்கம், "31ன்னா 31தான். எழுதினதுக்கு மரியாதை குடுங்க, வேலைய நிறுத்துங்க." நடுவில் ஒருவர், எல்லோருக்கும் பிடித்த ஒரு வழியைச் சொன்னார். பழைய 17ஐ அப்படியே வைத்துக்கொள்வோம். புதிய ப்ரோப் எடுத்த அளவை இன்றைய பூஜ்ஜியமாக்குவோம். இனி வருவதை 17உடன் கூட்டிக்கொண்டே போவோம். கணக்கு ஒழுங்காகிவிடும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். புத்தகத்திலும் ஏறக்குறைய இதே வழிதான் இருக்கிறது. ஆனால் புத்தகத்து வழியில், பழைய கருவியின் கடைசி அளவும் புதிய கருவியின் முதல் அளவும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை. இடையில் மண்ணுக்கு நகர நேரமில்லை. இங்கே இடையில் எட்டு நாள். அந்த எட்டு நாளில் மண் உண்மையாகவே நகர்ந்திருந்தால், பூஜ்ஜியம் போட்ட அந்த நொடியில் அது நகரவில்லை என்று ஆகிவிடும். பிற்பாடு யார் எடுத்துப் பார்த்தாலும் ஒழுங்கான கோடு ஒன்று தெரியும், உள்ளே விழுங்கப்பட்ட எட்டு நாள் தெரியாது.

இத்தனைக்கும் இரண்டு ப்ரோப்களுக்கும் சான்றிதழ் இருந்தது. இரண்டுமே சரியான கருவிகள். தனித்தனியாகச் சரியாக இருக்கும் இரண்டை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வருகிற விடையும் சரியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சான்றிதழும் சொல்லவில்லை.

மீட்டிங்கில் மதியம்வரை அவகாசம் வாங்கிக்கொண்டோம். நானும் அண்ணேவும் ஐந்தாம் குழாய்க்குப் போனோம். அங்கே மண் நகரக் காரணம் எதுவும் இல்லை. இரவல் ப்ரோப்பை இறக்கி, இரண்டு முறை முழுதாக எடுத்தோம். 5.5 மில்லிமீட்டர் காட்டியது. பள்ளம் எட்டாத இடத்தில் 5.5. அந்தக் குழாய் தெருவாக்கில் 1 டிகிரி சாய்ந்தது என்று முதல் நாள் பதிவிலேயே இருந்தது. இரண்டாம் குழாய் அதே பக்கமாக 2 டிகிரி. ப்ரோப்பின் திருகல்தான் காரணமென்றால், இரட்டைச் சாய்வுக்கு இரட்டைப் பிழை. அதாவது 11.

14இலிருந்து 11 போக, 3 மில்லிமீட்டர்.

ஆக, மேசையின் இரண்டு பக்கமும் சொன்னது பாதி பாதி உண்மை. பெரும்பகுதி கருவிதான். மீதி மண்.

3 மில்லிமீட்டரை எப்படி நம்புவது? 36 மீட்டரில் தற்செயல் பிழையே ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கிட்ட வரும். இங்கே எண்ணைவிட வடிவம் அதிகம் பேசும். கருவியின் திருகல் உண்டாக்கும் பொய், குழாயின் பிறவிச் சாய்வை நகலெடுத்ததுபோல அடியிலிருந்து தலைவரை சீராக வளரும். மண்ணுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மண் எங்கே இளகியதோ அங்கே மட்டும் நகரும். எதிர்பார்த்த பிழையை ஒவ்வொரு ஆழத்திலும் கழித்துவிட்டு மிச்சத்தை வரைந்தோம். 12 மீட்டருக்குக் கீழே ஒன்றுமில்லை. 12இலிருந்து 8 மீட்டர்வரை வளைவு. அதற்கு மேலே அப்படியே 3 மில்லிமீட்டர், கோடு கிழித்ததுபோல. இதைச் செய்ய ஒரு ப்ரோப்பால் முடியாது.

மேலே குறிப்பிட்ட வரிசை வீடுகளில் ஓரமாக இருந்த வீட்டில் ஓர் ஆன்ட்டி இருந்தார். எழுபது வயது இருக்கும். வீட்டுக்கு முன்னால், பக்கத்துச் சுவரில் ஒரு மெல்லிய விரிசல். வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே இருந்தது; எங்கள் படங்களிலும் பதிவாகியிருக்கிறது. ஆன்ட்டி அந்த விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வைக்கப் போகும் முன் பார்ப்பாராம். ஏறியிருந்தால் புதுக் கோடு. ஏறாவிட்டால் பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே புதுத் தேதி. ஒரே இடத்தில் வரிசையாக ஏழெட்டுத் தேதிகள் இருந்தன.

அன்று நாங்கள் போனபோது, "என்ன தம்பி, இந்த வாரம் நீங்களே வந்துட்டீங்க?" என்றார்.

"சும்மாதான் ஆன்ட்டி, சுவர ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்."

"எடுங்க. ஆனா ஒன்னு. போன வாரம் வரைக்கும் இங்கயேதான் நின்னுச்சு. இப்போ பாருங்க." கடைசிக் கோட்டுக்கு மேலே விரிசல் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. "எத்தன மில்லிமீட்டருன்னு உங்க மிஷின்ல வந்திருக்குமே?"

அண்ணே என்னைப் பார்த்தார். "வந்திருக்கு, ஆன்ட்டி" என்றேன். உண்மையில் அப்போது எங்கள் பக்கம் இருந்தது ஒரு எண் அல்ல, ஒரு சண்டை.

சுவர் விரிசல் பல காரணங்களால் நீளும். வெயில், மழை, பழைய சாந்து. அதை வைத்து ஒரு பொறியாளர் முடிவெடுக்க முடியாது, நாங்களும் எடுக்கவில்லை. அறிக்கையில் ஒரு படமாக மட்டும் சேர்த்தோம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த எட்டு நாளில், அந்தத் தெருவில் இடையறாமல் ஒரே கருவியால் எடுக்கப்பட்ட பதிவு அது ஒன்றுதான். அதே பென்சில், அதே கண், அதே சுவர்.

மதியம் மூன்று மணிக்கு மேசையில் வைத்தோம். நகர்வு 31 அல்ல, 17உம் அல்ல, 20. முதல் எல்லையைத் தொட்டிருக்கிறது. முன்பு வாரத்துக்கு ஒன்று, இப்போது மூன்று. 8 முதல் 12 மீட்டர் ஆழத்தில். முக்கியமானது 20 என்ற எண் அல்ல, அந்த 'முன்பு ஒன்று, இப்போது மூன்று'தான். அந்தப் பக்கம் மேற்கொண்டு தோண்டுவதற்கு முன் அடுத்த வரிசை ஸ்ட்ரட்டை, அதாவது பள்ளத்தின் சுவர்களுக்குக் குறுக்கே முட்டுக்கொடுக்கும் இரும்பு உத்தரங்களை, வைத்துவிட வேண்டும் என்று முடிவானது. வைத்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் வேகம் பழையபடி தணிந்தது. எதுவும் இடிந்து விழவில்லை. எங்கள் வேலையில் நல்ல முடிவு என்பது யாரும் பேசாத முடிவுதான்.

கலிபரேஷனுக்குப் போன ப்ரோப் திரும்பி வந்தபோது, அதையும் இரவல் ப்ரோப்பையும் ஒரே நாளில் ஐந்து குழாய்களிலும் இறக்கினோம். திரும்பி வந்தது பழைய ப்ரோப்தானே, அதற்கெதற்கு இந்த வேலை என்று மறுபடியும் ஒரு கேள்வி. சரிசெய்யப்பட்டு வந்த ப்ரோப் பழைய ப்ரோப் அல்ல. பெயரும் வரிசை எண்ணும்தான் பழையவை. ஆஸ்பத்திரியிலிருந்து கண் ஆபரேஷன் முடிந்து வந்தவர் அதே ஆள்தான்; ஆனால் அவர் பார்க்கும் நிறம் நேற்றைய நிறம் அல்ல.

இந்தத் தலைவலி எங்கள் காலத்தில் தோன்றியது அல்ல. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பறங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் தூரம், 100 அடி நீள எஃகுச் சங்கிலியால். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும் நில அளவைக்கு அதுவே தொடக்கம். அவரிடம் இரண்டு சங்கிலிகள் இருந்தன. ஒன்றால் அளந்தார். மற்றொன்றை வேலைக்கு எடுக்காமல், அளக்கும் சங்கிலியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வைத்துக்கொண்டார். உழைக்கும் சங்கிலி தேய்ந்து நீளும். எவ்வளவு நீண்டது என்று சொல்ல, உழைக்காத ஒன்று வேண்டும். எங்கள் ஐந்தாம் குழாய்க்கும் அதே வேலைதான். சும்மா இருப்பதே அதன் வேலை.

ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாமல் போனால் என்னாகும் என்பதற்கு உலகம் தழுவிய உதாரணமே இருக்கிறது. கடல்நீரின் வெப்பத்தைக் கப்பல்கள்தான் நெடுங்காலம் அளந்துவந்தன. சிலர் வாளியில் நீரை மொண்டு அளப்பார்கள். மேலே வருவதற்குள் அது காற்றில் சற்று ஆறிவிடும். சிலர் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே எடுக்கும் நீரை அளப்பார்கள். அது சற்றுச் சூடாக இருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பதிவுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து, எஞ்சின் நீர் முறையில் வந்தன. 1945இல் போர் முடிந்ததும் வாளியில் அளக்கும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு திடீரென்று கூடியது. உலகத்தின் வெப்பநிலைக் கோட்டில் அந்த ஆண்டு ஒரு சரிவு. கடல் குளிர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அளந்த கை மாறியிருந்தது. அந்தச் சரிவு வாளியினுடையது என்று 2008இல்தான் நேச்சர் இதழில் விளக்கினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோடு அப்படியே கிடந்திருக்கிறது.

இப்போது எங்கள் துறையில் மாற்றம் வேகமாக நடக்கிறது. பழைய சர்வோ வகை சென்சார்களின் இடத்தை, கைப்பேசியில் இருப்பதுபோன்ற சில்லு சென்சார்கள் பிடித்துவிட்டன. அவை உறுதியானவை, துல்லியமும் கூடுதல். இன்னொரு பக்கம், ஆள் போய் இறக்கி ஏற்றத் தேவையில்லாமல், குழாய்க்குள்ளேயே நிரந்தரமாகத் தொங்கி ஒவ்வொரு மணி நேரமும் அளவை அனுப்பும் சென்சார்ச் சரங்கள் வந்துவிட்டன. மழையில் நனைந்துகொண்டு கேபிள் இழுத்த எவரும் இதை வரவேற்கத்தான் செய்வார்கள். நானும் வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு வரவேற்பும் ஒரு கருவி மாற்றம். அரை மீட்டருக்கு ஒருமுறை பார்த்த இடத்தில், சரத்தின் சென்சார்கள் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் தொங்கலாம். புதியது நல்லது என்பதால் பழையதோடு ஒப்பிட வேண்டியதில்லை என்று சொல்பவர்களை நான் மீட்டிங்குகளில் அடிக்கடி சந்திக்கிறேன். நல்ல கருவியைக் கொண்டுவந்து பழைய பதிவை ஊமையாக்குவதும் நடக்கிறது.

கருவி மாற்றத்தில் எனக்குப் பயம் தருவது, இல்லாத நகர்வைக் காட்டிவிடும் என்பது அல்ல. அது கொஞ்சம் பணமும் ஒரு நாள் வேலையும் வீணாகிற விஷயம். பயம் வேறு. 'கருவி மாறியது' என்பது எந்த எண்ணையும் தள்ளிவிடக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் காரணம். அதில் பெரும்பகுதி உண்மையாகவும் இருக்கும். 14இல் 11 உண்மையாகவே கருவிதான். அந்த 11ஐக் காட்டி 14ஐயும் குப்பையில் போடுவது மிகச் சுலபம். போடுகிறவர் பொய் சொல்லவும் இல்லை. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அந்த 3 மட்டும்தான் கணக்கு.

இதற்கு மருந்து பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. பழைய கருவி போவதற்கு முன் இரண்டையும் ஒரே நாளில் ஒரே குழாயில் இறக்க வேண்டும். எந்த அளவை எந்த வரிசை எண்ணுள்ள ப்ரோப்பும் எந்த கேபிளும் எடுத்தன என்று ஒவ்வொரு தாளிலும் எழுத வேண்டும். பாதிப்பு எட்டாத இடத்தில் ஒரு குழாயை, வீண் என்று யார் சொன்னாலும், வைத்தாக வேண்டும். கோட்டில் கருவி மாறிய இடத்தை அழகுக்காக ஒட்டவைக்காமல், வெட்டியே காட்ட வேண்டும். நான்கும் சேர்ந்து ஒரு நாள் வேலை.

அண்ணே இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி மாதம் முழுவதும் புதிதாக வந்த பையனைக் கூடவே வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழாயிலும் முதலில் அண்ணே எடுப்பார், பிறகு அதே ப்ரோப்பால் பையன் எடுப்பான். கேபிளை எந்த இடத்தில் நிறுத்துகிறோம், எண் நிலைப்பதற்கு எத்தனை விநாடி காத்திருக்கிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வேலைக்கு ரெண்டு பேர் எதற்கு என்று ஆபிசில் கேட்டார்கள். அண்ணே, பையன் எடுத்த தாளையும் தான் எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே சொன்னார்: "நானும் ஒரு கருவிதான தம்பி. மாத்தும்போது ஒப்பிட்டுப் பாத்துட்டு மாத்துங்க."